எழுத்துப் பிழையா, வாசிப்புக் குறைபாடா? தமிழ் படிக்கும் குழந்தையிடம் கவனிக்க வேண்டியவை

பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும் மாதங்களில்தான் பல வீடுகளில் ‘டிஸ்லெக்சியா’ (வாசிப்புக் குறைபாடு) என்ற சொல் முதன்முதலாக நுழைகிறது. மொழிப்பாட விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் என்று சலுகைகள் இருப்பதாகத் தலைமையாசிரியர் சொல்வார். சான்றிதழ் எங்கே வாங்குவது, பிள்ளைக்கு உண்மையிலேயே குறைபாடு இருக்கிறதா, சோம்பேறித்தனமா என்று பெற்றோர் திண்டாடுவார்கள். அப்போது பிள்ளைக்கு வயது பதினான்கு. அறிகுறிகள் ஏழு வயதிலேயே நோட்டில் இருந்திருக்கும். அவற்றைப் பார்த்தவர்கள் தேடிய இடம்தான் தவறு. தமிழ் வாசிப்பில் இந்தக் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட மெதுவாக வாசிப்பதாகவே அதிகம் வெளிப்படும்.

வாசிக்கும்போது நடப்பது என்ன

பேச்சு தானாக வரும். வாசிப்பு தானாக வராது. ‘பால்’ என்று சொல்லும் குழந்தைக்கு அதில் ப், ஆ, ல் என மூன்று ஒலிகள் இருப்பது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. எழுத்தைப் படிக்கத் தொடங்கும்போதுதான் அந்தச் சொல்லை உடைக்க வேண்டியிருக்கிறது. இந்த உடைக்கும் திறனை ஒலியுணர்வு என்போம். அடுத்து, உடைத்த ஒவ்வொரு ஒலியையும் ஓர் எழுத்தோடு இணைக்க வேண்டும். அந்த இணைப்பு ஆயிரம் தடவை நிகழ்ந்தபின், சொல்லைப் பார்த்ததுமே ஒலி வந்துவிடும். அதுதான் சரளம்.

ஒலியை உடைப்பதிலோ, எழுத்திலிருந்து ஒலியை வேகமாக எடுப்பதிலோ பிறவியிலேயே இருக்கும் தடைதான் டிஸ்லெக்சியா. கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் அறிவும் நன்றாகவே இருக்கலாம். 1896இல் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் பிரிங்கிள் மோர்கன் மருத்துவ இதழ் ஒன்றில் விவரித்த 14 வயதுச் சிறுவனும் இப்படித்தான்: புத்திசாலி, கணக்கு வரும், ஆனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. அக்காலத்தில் இதற்குச் ‘சொல் குருட்டுத்தன்மை’ என்று பெயர். பிரச்சினை கண்ணில் இல்லை என்பது பிற்பாடு தெளிவானது. எழுத்துகள் தாளில் ஆடுவதாகத் தெரியும் என்ற எண்ணம் மட்டும் இன்றும் போகவில்லை.

இது குடும்பத்தில் தொடர்வது. தந்தையோ தாயோ, மாமாவோ சித்தியோ ‘எனக்கும் படிப்பு ஏறல’ என்று சொல்லிச் சிரித்தால், அந்தச் சிரிப்பைத் தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதுவதில் மட்டும் வரும் தடையை டிஸ்கிராஃபியா என்றும், எண்களில் வருவதை டிஸ்கால்குலியா என்றும் சொல்வார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் கற்றல் குறைபாடு. ஒரே பிள்ளையிடம் இரண்டு சேர்ந்து இருப்பதும் உண்டு.

தமிழில் ஏன் மறைந்துகொள்கிறது

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக் கூட்டத்துக்குப் பல ஒலிகள். தமிழில் அப்படி இல்லை. ‘மா’ எங்கே வந்தாலும் ‘மா’தான். வல்லின எழுத்துகள் மட்டும் இடத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் ஒலிக்கும். கடல், தங்கம், பகல் மூன்றிலும் ககரம் வேறுவேறாக ஒலிக்கிறது. ஆனால் அது தமிழ் பேசும் பிள்ளைக்கு நாக்கிலேயே இருக்கிறது. எனவே மெல்ல எழுத்துக்கூட்டினால் எந்தத் தமிழ்ச் சொல்லையும் வாசித்துவிடலாம்.

அங்கேதான் சிக்கல். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் மூன்றாம் வகுப்பில் தட்டுத்தடுமாறிச் சரியாகவே வாசித்துவிடும். ‘பிழையில்லாமல் படிக்கிறான், கொஞ்சம் மெதுவாகப் படிக்கிறான்’ என்று ஆசிரியர் எழுதிவிட்டுப் போவார். அந்த ‘கொஞ்சம் மெதுவாக’ என்பதுதான் முதன்மை அறிகுறி. ஒரு பத்தியை முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகும். மறந்தபின் கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்?

இன்னொரு மறைவிடம் மனப்பாடம். முதல் இரண்டு வகுப்புப் பாடங்களை வகுப்பே சேர்ந்து உரக்கச் சொல்வதால், பிள்ளை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்து ஒப்பித்துவிடும். கண்டுபிடிப்பது எளிது: படத்தைக் கையால் மறையுங்கள், கடைசி வரியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் கேளுங்கள். மளமளவென்று ஓடிய வாசிப்பு அங்கே நின்றுவிடும்.

நோட்டில் உள்ள பிழைகளைப் பிரித்துப் பார்ப்பது

‘எழுத்துப்பிழை நிறைய’ என்ற புகாரால் எதுவும் தெரியாது. எந்த வகைப் பிழை என்பதுதான் தெரிய வேண்டும். ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சொல்வதெழுதுதலில் மூன்று பிள்ளைகள் மூன்று விதமாக எழுதுகிறார்கள்.

முதல் பிள்ளை: பல்லிக்கூடம். ஒலிகளின் எண்ணிக்கை சரி, இரட்டித்த மெய் இருக்கிறது, நெடில் இருக்கிறது. ல, ள மட்டும் மாறியிருக்கிறது. பல வட்டாரங்களில் பேச்சிலேயே இந்த வேறுபாடு தேய்ந்துவிட்டது. ழகரமும் அப்படியே, ன-ண, ர-ற கூட. பெரியவர்களின் வாட்சப்பிலும் இந்தப் பிழைகள் ஏராளம். இதைக் கொண்டு யாருக்கும் டிஸ்லெக்சியா என்று முத்திரை குத்த முடியாது. பார்த்துப் பார்த்துப் பழகினால் சரியாகிவிடும்.

இரண்டாம் பிள்ளை: பள்ளிகூடம். ‘க்’ விடுபட்டிருக்கிறது. ஒரு சொல்லில் மட்டும் என்றால் ஒற்று மிகும் இடத்தில் வந்த சாதாரணப் பிழை. ‘பக்கம்’, ‘அக்கா’, ‘பட்டம்’ போன்ற சொற்களிலும் ஒற்றை விட்டால் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் பிள்ளை: பளிகுடம். ள் இல்லை, க் இல்லை, கூ குறுகிக் கு ஆகிவிட்டது. அதே நோட்டில் ‘மேகம்’ மெகம் என்றும், ‘சொன்னான்’ செனன் என்றும் இருக்கும். இந்தப் பிள்ளைக்குச் சொல்லுக்குள் எத்தனை ஒலி, எது நீளம், எது குறுகல் என்பதே பிடிபடவில்லை. கவலைக்குரிய வடிவம் இதுதான். மேலும் ஓர் அடையாளம்: அதே சொல்லை அதே பக்கத்தில் மூன்று இடத்தில் மூன்று மாதிரி எழுதியிருக்கும்.

ஒ, ஓ வரிசைகளைத் தனியாகப் பாருங்கள். ‘கொ’ எழுத எழுத்துக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. வாயில் ககரம் முதலில், உயிர் பின்னால். கையிலோ கொம்பு முதலில். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் இதில் தடுமாறும். ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்றோ ‘காக்கு’ என்றோ எழுதும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் இது தணிந்துவிட வேண்டும். மூன்றாம் வகுப்பிலும் தொடர்ந்தால் குறித்துக்கொள்ளலாம். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை போட்ட லை, னை வடிவங்களைத் தாத்தாவோ பாட்டியோ எழுதிக் காட்டுவதாலும் சில பிள்ளைகள் குழம்புவதுண்டு. அது குறைபாடு அல்ல.)

கரும்பலகையைப் பார்த்து எழுதியதையும், சொல்லக் கேட்டு எழுதியதையும் அருகருகே வையுங்கள். முதலாவது அழகாக, பிழையின்றி இருந்து, இரண்டாவது சிதறிக் கிடந்தால், கண்ணும் கையும் நலம். தடை ஒலியில் இருக்கிறது.

ஆங்கிலப் பிழைகளைத் தமிழ்க் காதோடு படியுங்கள்

தமிழ் எழுத்தில் ப-வுக்கும் க-வுக்கும் மெல்லிய வடிவம், தடித்த வடிவம் என்று தனித்தனி இல்லை. அதனால் பெரிய என்ற பொருளுள்ள சொல்லுக்குப் (big) பன்றியைக் குறிக்கும் சொல்லையும் (pig), ஆட்டுக்குரிய சொல்லுக்குக் (goat) கோட்டு என்ற உடையையும் (coat) எழுதுகிற பிள்ளைகள் உண்டு. இது தாய்மொழியின் தாக்கம். ஆங்கிலச் சிறிய எழுத்து b, d இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுவதும் ஏழு வயதுவரை சாதாரணம். கண்ணாடி பிம்பமாக எழுதினால்தான் டிஸ்லெக்சியா என்று நினைப்பது இன்னும் பரவலான தவறு; குறைபாடுள்ள பலர் அப்படி எழுதுவதே இல்லை.

‘செட்’ என்று ஒலிக்கும் ‘சொன்னான்’ என்ற பொருளுள்ள சொல்லை (said) எஸ்-ஈ-டி (sed) என எழுதினால், பிள்ளை ஒலியைச் சரியாகக் கேட்டிருக்கிறது. ஆங்கிலத்தின் முறைகேடுதான் அதற்குத் தெரியவில்லை. எஸ்-பி-டி (sbd) என்றோ, டி-எஸ் (ds) என்றோ எழுதினால் ஒலியே பிடிபடவில்லை.

ஆங்கிலத்தில் மட்டும் திணறி, தமிழில் வயதுக்கேற்ற வேகத்தில் வாசிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் போதிய அளவு கற்பிக்கப்படவில்லை என்றே பொருள். தமிழே சரிவரக் கற்பிக்கப்படாத மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

முதலில் விலக்க வேண்டியவை

1. காது. அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழோ நீரோ கோத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கேள்வித்திறன் விட்டு விட்டுக் குறையும். மெல்லொலிகள்தான் முதலில் தப்பும். கூப்பிட்டால் திரும்புகிறானே என்பது போதாது. ஒலியளவி வைத்துக் கேட்புச் சோதனை செய்ய வேண்டும்.

2. கண். ஒவ்வொரு கண்ணாகப் பரிசோதிக்க வேண்டும். கண்ணாடி போட்டபின் வாசிப்பு சரியாகிவிட்டால் விஷயம் முடிந்தது.

3. பள்ளி நாட்கள். கொரோனா காலத்தில் முதல் இரண்டு வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளின் இடைவெளியைச் சரிசெய்யத்தான் தமிழ்நாட்டில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. கற்பிக்கப்படாததைக் குறைபாடு என்று சொல்லக் கூடாது.

4. வீட்டு மொழி. வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்குச் சொல்வளம்தான் குறைவாக இருக்கும். அதன் வீட்டு மொழியில் ஒலி விளையாட்டு நடத்திப் பார்த்தால் உண்மை தெரியும்.

5. கவனக் குறைவு, பதற்றம், தூக்கமின்மை. இவை தனியாகவும் வரும், டிஸ்லெக்சியாவோடு சேர்ந்தும் வரும். வாசிப்பில் தோற்றுத் தோற்றுப் பதற்றம் வந்ததா, பதற்றத்தால் வாசிப்பு கெட்டதா என்று பிரிப்பது எளிதல்ல. அது உளவியலாளரின் வேலை.

இருபது நிமிடத்தில் செய்யக்கூடிய முதற்கட்டப் பார்வை

இது நோயறிதல் ஆகாது. ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ போகும்போது ‘சரியாகப் படிக்க மாட்டேன்கிறான்’ என்பதற்குப் பதிலாகக் கையில் விவரம் இருக்கும். ஆறரை வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, காலை வேளையில், தேர்வு என்று சொல்லாமல் செய்ய வேண்டும். கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளையின் கண்ணில் பட வேண்டாம்.

1. ஒலி விளையாட்டு. வாய்மொழியாக மட்டும். ‘குதிரையில் கு-வை விட்டுவிட்டுச் சொல்லு’ (திரை). ‘பலகையில் கடைசி எழுத்தை விட்டுச் சொல்லு’ (பல). அடுத்த படி கடினமானது: ‘பால் என்பதில் முதலில் வரும் ப்-ஐ எடுத்துவிட்டு க் போட்டால்?’ (கால்). எழுத்தை நீக்குவதை ஆறு வயதில் செய்துவிடுவார்கள். ஒலியை மாற்றுவது எட்டு வயதிலும் முற்றிலும் முடியவில்லை என்றால் குறித்துக்கொள்க.

2. வேகப் பெயரிடல். ஐந்து எழுத்துகளை (க, ம, ப, ட, ர) மாற்றி மாற்றிப் பத்து முறை, ஆக 50 எழுத்துகள், ஒரு தாளில் எழுதி, நிறுத்தாமல் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளையும் நீண்ட நேரம் எடுத்தால், எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் வழி மெதுவாக இருக்கிறது. அதே வகுப்பில் படிக்கும் இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளிடமும் நேரம் எடுத்து ஒப்பிடுங்கள்.

3. பொருளில்லாச் சொற்கள். தெலாபு, நொசிகை, கூபேடு, மிதுகோ போலப் பத்து. ஊகிக்கவோ நினைவிலிருந்து சொல்லவோ வழியில்லை என்பதால், மனப்பாடத்தின் போர்வை இங்கே விலகும்.

4. ஒரு நிமிட வாசிப்பு. முன்பு பார்த்திராத, ஒரு வகுப்பு கீழான புத்தகத்திலிருந்து. சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுங்கள், சொற்களை அல்ல. ஆங்கிலத்துக்கான ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ அட்டவணையைத் தமிழில் போட்டால் எல்லாப் பிள்ளைகளும் தோற்பார்கள்; ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பது நமக்கு ஒரே சொல். இந்தக் காரணத்தால்தான் 2022இல் நடுவண் அரசு மூன்றாம் வகுப்பு வாசிப்பை அளந்தபோது மொழிக்கு மொழி தனி அளவுகோல் வைத்தது.

5. கேட்டல்-வாசித்தல் இடைவெளி. சமமான இரண்டு சிறு கதைகள். ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி ஐந்து கேள்வி. இன்னொன்றைப் பிள்ளை வாசித்து ஐந்து கேள்வி. கேட்டதில் ஐந்தும், வாசித்ததில் ஒன்றும் என்றால் அறிவு குறையவில்லை, வாசிப்புதான் தடை. இரண்டிலும் குறைவு என்றால் சொல்வளத்தையோ பொது வளர்ச்சியையோ பார்க்க வேண்டும். ஐந்தில் இதுவே அதிகம் பேசும் சோதனை.

ஆறரை வயதுக்கு முன் இவை எதுவும் வேண்டாம். பேச்சு தாமதமாக வந்தது, மூன்று நான்கு அசைச் சொற்களைத் தொடர்ந்து மாற்றிச் சொல்வது, பாட்டில் எதுகை பிடிபடாதது, ஒரு வருடம் கற்பித்தும் தன் பெயரின் எழுத்துகள் நிற்காதது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தது: இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் முதல் வகுப்பில் கண்ணை விலக்காமல் இருந்தால் போதும். வகுப்பில் குறும்பு செய்யும் பையனைத்தான் ஆசிரியர் சீக்கிரம் அனுப்புவார். அமைதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அழகாகப் பார்த்தெழுதும் பெண் பிள்ளை நான்கு வருடம் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வருகிறாள்.

பன்னிரண்டு வாரம் கற்பித்துப் பார்ப்பது

அறிகுறி தெரிந்ததும் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடான டி.எஸ்.எம்.-5, தனிக் கவனம் கொடுத்தும் ஆறு மாதம் சிக்கல் நீடித்தால்தான் கற்றல் குறைபாடு என்று வரையறுக்கிறது. பாதிக் காலத்துக்கேனும் ஒழுங்காகக் கற்பித்துவிட்டால் படம் தெளிவாகும்.

தினமும் 25 நிமிடம், வாரம் ஐந்து நாள். முதல் ஐந்து நிமிடம் புளியங்கொட்டை: ‘பால்’ என்று சொல்லிக்கொண்டே ஒலிக்கு ஒன்றாக மூன்று கொட்டைகளை நகர்த்துவது, ‘பல்’லுக்கும் மூன்றுதான், ஆனால் நடுக் கொட்டை குறில். நெடிலுக்குப் பெரிய கொட்டை வைத்தால் குறில் நெடில் வேறுபாடு கைக்கே தெரியும். அடுத்த பத்து நிமிடம் உயிர்மெய்யைக் கட்டுவது: க் + ஆ = கா, க் + ஒ = கொ. 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு உதவாது. 12 உயிர், 18 மெய், குறிகளின் விதி ஆகியவை போதும். மீதியைப் பிள்ளையே கட்டிக்கொள்ளும். கடைசிப் பத்து நிமிடம் ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு தடவை வாசித்து நேரத்தைக் குறிப்பது. வெள்ளிக்கிழமைதோறும் புதிய பத்தியில் ஒரு நிமிட அளவு எடுத்துக் கட்டத்தாளில் புள்ளி வையுங்கள்.

கோடு ஏறிக்கொண்டே போனால் கற்பித்தல்தான் குறையாக இருந்தது. பன்னிரண்டு வாரத்திலும் கிடையாகவே கிடந்தால், அந்தக் கட்டத்தாளோடு மதிப்பீட்டுக்குப் போகலாம்.

பத்துத் தடவை எழுதச் சொல்லும் தண்டனை எழுத்தை ஏன் பிடிக்க வைப்பதில்லை என்றால், இரண்டாம் தடவையிலிருந்து பிள்ளை சொல்லை எழுதுவதில்லை. மேல் வரியில் உள்ள வடிவத்தை வரைகிறது. முதல் வரி தப்பானால் பத்தும் தப்பு. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இலேயே கூட்டாக அறிவித்தன. மூளை டானிக்குகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் கதைப்புத்தகம் வாங்கலாம்.

மதிப்பீடும் சான்றிதழும்

அரசுப் பள்ளியாக இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் தொடங்கலாம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் இத்தகைய பிள்ளைகளைப் பார்க்கின்றன. சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் மதிப்பீடும் ஆசிரியர் பயிற்சியும் தருகிறது. ஆனால் தனியார் அறிக்கை என்பது அறிக்கைதான். சலுகைக்குச் செல்லும் சான்றிதழை அரசு மருத்துவ வாரியம் தர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தான் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 2018 ஜனவரியில் வந்து 2024 வரை நடப்பில் இருந்த வழிகாட்டுதல்படி, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர் முதற்கட்டத் திரையிடல் செய்ய வேண்டியிருந்தது. பிறகு குழந்தை மருத்துவர் கண், காது, நரம்பியல் பரிசோதனை செய்வார். அடுத்து நுண்ணறிவுச் சோதனை. அது 85க்கு மேல் இருந்தால் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் கிடையாது. இதைத்தான் பலர் ‘எட்டு வயதுவரை ஒன்றும் செய்ய முடியாது’ என்று புரிந்துகொள்கிறார்கள். எட்டு வயது வரம்பு காகிதத்துக்கு மட்டும். கற்பித்தலை முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் என்ற எல்லை இடஒதுக்கீடு போன்ற உரிமைகளுக்கு முக்கியம். சொல்வதை எழுதுபவரைக் கோருவதற்கு அந்த எல்லையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

மொழிப்பாட விலக்கை முதல் தீர்வாகக் கேட்பது சரியில்லை. கூடுதல் நேரம் கொடுத்தாலே தேறக்கூடிய பிள்ளை தன் மொழியில் எழுதப் பழகும் கடைசி வாய்ப்பை விலக்கினால் இழக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பருவத் தேர்வுகளை ஒருமுறை கூடுதல் நேரத்தோடும், ஒருமுறை எழுதுபவரோடும் நடத்திப் பார்க்கச் சொல்லிப் பள்ளியிடம் கேளுங்கள். எழுதுபவரிடம் சொல்லி எழுத வைப்பதும் பழக வேண்டிய வேலை. நிறுத்தற்குறி, பத்தி பிரிப்பு, வரைபடத்துக்கு எங்கே இடம் விடுவது என எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும்.

அதே 2018 வழிகாட்டுதல் 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு கேட்டது. 14 என்பது ஒன்பதாம் வகுப்பில் வரும். மருத்துவ வாரியத்தில் தேதி கிடைக்கத் தாமதமாகும், சான்றிதழ் வந்தபின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். ஆகவே புதுப்பிக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு விடுமுறைக்குள் முடித்து, பழைய அறிக்கைகள், கட்டத்தாள், இரண்டு வருட நோட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.